ஐந்து வருடமாக அரை மாத்திரை

கூட வேலை செய்யும் தம்பிக்குப் போன வாரம் பாலிகிளினிக்கில் பிரஷருக்கு ஹைட்ரோகுளோரோதயசைடு எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். "அண்ணே, நீங்களும் இதத்தானே சாப்பிடுறீங்க, ஒண்ணுக்கு ஓடிக்கிட்டே இருக்கணுமா?" என்றான். எல்லாரும் கேட்பது இதைத்தான். முதல் பத்து நாள் ஓட்டம்தான், ஈசூனில் ரயில் ஏறினால் ஜூரோங் ஈஸ்ட் போவதற்குள் நடுவில் இறங்கி ஓடியிருக்கிறேன். அப்புறம் அடங்கிவிட்டது. காலையில் போட்டால் போதும். ஒரு நாள் மறந்துபோய் ராத்திரி எட்டு மணிக்குப் போட்டு, விடிவதற்குள் மூன்று தடவை எழுந்தேன்.

என் கோபம் வேறு. எனக்கு வேண்டியது 12.5 மில்லிகிராம், கையில் கொடுப்பது 25 மில்லிகிராம் மாத்திரை. பாதியாக உடைத்துக்கொள்ள வேண்டுமாம்! இருப்பதே பொட்டுக்கடலை அளவு. நடுவில் கோடு இருக்கிறது, கத்தி அதை மதித்தால்தானே. ஒரு பாதி முக்காலாகும், இன்னொன்று துள்ளி பிரிட்ஜுக்கு அடியில் போகும், மிச்சம் மேசையில் மாவு. "அதையும் எடுத்து நெத்தியில பூசிக்கோங்க" என்பாள் மனைவி. மாத்திரை வெட்டும் டப்பா ஒன்று வாங்கினேன், நாலே மாதத்தில் பிளேடு மழுங்கிவிட்டது.

சரி, நியாயமும் பேச வேண்டும். முதலில் முழு மாத்திரைதான் சாப்பிட்டேன். ராத்திரியில் கெண்டைக்கால் இழுத்துப் பிடிக்க, ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள், பொட்டாசியம் குறைவு. அதனால்தான் இந்தப் பாதி. அதற்கும் முன்னால், 2020-இல், எனாலாபிரில் என்ற வேறு பிரஷர் மாத்திரை. ஓயாத வறட்டு இருமல். கோவிட் நேரத்தில் எம்ஆர்டி ரயிலில் இருமியவனைக் கேளுங்கள், எதிரில் இருப்பவர் மாஸ்க்கை மூக்குக்கு மேலே இழுத்துக்கொண்டு நம்மை ஒரு பார்வை பார்ப்பார் பாருங்கள். இந்த மாத்திரைக்கு மாற்றிய சில வாரத்தில் இருமல் போயிற்று. 156/94 இருந்த பிரஷர் இப்போது 128/80 பக்கம் நிற்கிறது, கருவாட்டுக் குழம்பு வைத்த வாரம் தவிர. ஆரம்பத்தில் உப்பும் நீரும் வெளியேறிப் பிரஷர் இறங்குமாம், நாளாக ஆக ரத்தக்குழாய் தளர்வதால் இறங்கியபடியே இருக்குமாம். ஓட்டம் நின்ற பிறகும் மாத்திரை வேலை செய்வது அதனால்தான் என்றார் டாக்டர்.

தம்பியிடம், "படு மோசமான மாத்திரைடா, நீயா நிறுத்திடாத" என்றேன். அவன் முழித்தான்.

போன மாதம் டாக்டரிடமும் இதே புலம்பல். இண்டபமைடு என்று ஒன்று இருக்கிறது, உடைக்கிற வேலையில்லை, மாற்றட்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்று சொல்லிவிட்டு, வரும் வழியில் தேக்காவில் இறங்கிப் புது டப்பா வாங்கி வந்தேன்.