வெள்ளவத்தையில் வாங்கிய ஒரு லீட்டர் கச்சான் எண்ணெய்

என் மருமகள் மதுரைக்காரி. கொழும்புக்கு வந்த இரண்டாம் நாளே காலி வீதிக் கடை ஒன்றில் போய், "கடலை எண்ணெய் இருக்கா?" என்று கேட்டிருக்கிறாள். கடைக்காரர் யோசித்துவிட்டு, "கடலையில எங்க பிள்ளை எண்ணெய் எடுக்கிறது?" என்றாராம். நமக்குக் கடலை என்றால் சுண்டல் கடலை. அவள் கேட்டது கச்சான், அவர்கள் ஊர் நிலக்கடலை. வீட்டுக்கு வந்து, "அத்தை, இங்க அது கிடைக்கவே கிடைக்காதா?" என்றாள். (நான் அவளுக்கு மாமி. அதையும் இன்னும் பழக்க முடியவில்லை.) அந்த முகத்தைப் பார்க்க முடியாமல்தான் வெள்ளவத்தையில் செக்கெண்ணெய் மட்டும் விற்கிற சின்னக் கடை ஒன்றில் ஒரு லீட்டர் வாங்கினேன். நாங்கள் வழக்கமாக எடுக்கும் தேங்காய் எண்ணெயைவிட விலை நன்றாகவே கூட.

மூடியைத் திறந்ததும் காலிமுகத்திடலில் கச்சான் வண்டிக்குப் பக்கத்தில் நிற்பதுபோல ஒரு மணம். அன்றைக்கே அவள் சாம்பார் வைத்தாள். கடுகு, உளுத்தம்பருப்பு, செத்தல் மிளகாய், பெருங்காயம், கறிவேப்பிலை, எல்லாம் இந்த எண்ணெயில் தாளித்தது. முப்பது வருஷமாக நான் தேங்காய் எண்ணெயில் தாளித்து, சாம்பார் ஏன் கடைச் சாம்பார் போல வருவதில்லை என்று பருப்பைக் குறை சொல்லிக்கொண்டிருந்தேன். குற்றம் பருப்பில் இல்லை. தேங்காய் எண்ணெயின் வாசம் பெருங்காயத்தை அமுக்கிவிடுகிறது. கச்சான் எண்ணெய் அப்படித் தலை நீட்டுவதில்லை. தோசைக்கும் நன்று, ஓரம் மொறுமொறுவென்று எழும்பிவரும். அவர்கள் ஊரில் பொரியலுக்கு இது, புளிக்குழம்புக்கும் இட்லிப் பொடிக்கும் நல்லெண்ணெய், அப்பளம் பொரிக்க ரேஷன் கடைப் பாமாயில் என்று அவள் கணக்குச் சொன்னாள். ஒரே எண்ணெயில் எல்லாம் முடிக்கிற பழக்கம் நம்முடையதுதான் போல.

வடையில்தான் சறுக்கியது. தாச்சியில் அரைவாசி ஊற்றி உளுந்து வடை போட்டோம். குசினி முழுக்கப் புகை, வடையில் லேசான கசப்பு. காரணம் பிறகுதான் விளங்கியது. சுத்திகரித்த கச்சான் எண்ணெய் 230 பாகை வரை தாங்கும். செக்கில் ஆட்டி அப்படியே அடைத்தது 160 அளவிலேயே புகையத் தொடங்கிவிடும். வடைக்கு 170, 180 வேண்டும். ஆக, விலை கூடிய எண்ணெயைப் பொரிக்க ஊற்றியது என் மடத்தனம்.

ஆனால் அடுத்தது என் பிழை மட்டும் இல்லை. மூன்றாம் கிழமை போத்தலைத் திறந்தால் காறல் மணம். நான் அடுப்புக்குப் பக்கத்தில் வைத்தது உண்மை. கடையிலும் அதை வெயில் விழுகிற கண்ணாடிக்குப் பின்னால், வெளிச்சம் ஊடுருவும் பிளாஸ்டிக் போத்தலில்தான் அடுக்கியிருந்தார்கள். வெளிச்சமும் சூடும் எண்ணெய்க்கு எதிரி. ஆட்டிய திகதியும் போடவில்லை. கேட்டதற்கு, "போன கிழமைதான் அக்கா" என்றார் அந்தத் தம்பி. எல்லாக் கிழமையும் போன கிழமைதான்.

திகதியைவிட எனக்குப் பெரிய கேள்வி கச்சான் எங்கிருந்து வந்தது என்பது. 2021 மார்ச்சில் இறக்குமதித் தேங்காய் எண்ணெயில் அஃப்லடொக்சின் என்று நாடே கலங்கியது நினைவிருக்கும். அந்த நஞ்சு பூஞ்சணத்தால் வருவது. பூஞ்சணம் பிடித்த கச்சானிலும் வரும். ஆலையில் சுத்திகரிக்கும்போது அது பெரும்பாலும் நீங்கிவிடும், செக்கில் நீங்காது. "இயற்கையானது" என்று அட்டையில் எழுதினால் போதாது, நல்ல பருப்பைப் பொறுக்கி ஆட்டியிருக்க வேண்டும்.

எங்கள் அவருக்குக் கொலஸ்ட்ரோல். கிளினிக்கில் தேங்காய் எண்ணெயைக் குறைக்கச் சொன்னார்கள். அதில் கிட்டத்தட்ட 90 வீதம் கொலஸ்ட்ரோலைக் கூட்டுகிற நிறைவுற்ற கொழுப்பு, கச்சான் எண்ணெயில் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவு. அதே நிறைவுற்ற கொழுப்பால்தான் தேங்காய் எண்ணெய் சீக்கிரம் கெடாமல் சூட்டைத் தாங்குகிறது. ஆகவே எப்போதாவது பொரிக்கிற வடைக்கும் பப்படத்துக்கும் தேங்காய் எண்ணெயையே வைத்துக்கொண்டேன். தினசரித் தாளிதத்துக்குக் கச்சான் எண்ணெய், கரண்டியால் அளந்து. நல்லெண்ணெய் உளுத்தங்களிக்கும் இட்லிப் பொடிக்கும்.

அதே கடைக்கு மறுபடியும் போவேன், மணத்துக்காக. ஆனால் அரை லீட்டர்தான், அதுவும் கண்ணாடிப் பக்கத்து வரிசையில் இருந்து இல்லை, உள்ளே பெட்டியில் இருந்து எடுத்துத் தரச் சொல்லி.