அமின் என்று சொல்லி எஸ்டரைத் தலையில் கட்டிவிட்டார்கள், களைமருந்து வாங்குகிறவர்கள் கவனம்

மலேசியாவில், பினாங்கு நிபோங் திபால் பக்கம் குத்தகை நிலத்தில் காய்கறி போடுகிறவர்களும், வீட்டுக்குப் பின்னால் நாலு செடி வைத்திருப்பவர்களும் தயவுசெய்து இதைப் படியுங்கள். களைமருந்தில் ஒரு வகை கேட்டு, கடைக்காரர் வேறு வகையை அனுப்பியதில் 320 வெள்ளி போச்சு. பணம் மட்டும் என்றால் வயிற்றெரிச்சலோடு விட்டிருப்பேன், காய்க்கத் தொடங்கிய வெண்டையும் தக்காளியும் சேர்ந்து போச்சே!

வரப்பு முழுக்கத் தொட்டாற்சிணுங்கி மண்டிவிட்டது. புல் சாகாமல் அகல இலைக் களை மட்டும் சாகவேண்டும் என்றால் 2,4-டி தான். செடியின் வளர்ச்சியைத் தூண்டும் ஆக்சின் மாதிரியே நடித்து, கட்டுப்பாடில்லாமல் வளரவைத்தே கொல்லும் மருந்து அது. ஆனால் அதில் முக்கியமாக இரண்டு வகை இருக்கிறது. அமின் உப்பு என்றால் தண்ணீரில் கரையும், அவ்வளவாக ஆவியாகாது. எஸ்டர் எண்ணெய் மாதிரி, அதிலும் பியூட்டைல் போன்ற சின்ன எஸ்டர்கள் நம்ம ஊர் வெயிலில் ஆவியாகி அடுத்த பாத்திக்கே போய்விடும். வெண்டை, தக்காளி, மிளகாய் பக்கத்தில் இருப்பதால் எனக்கு அமின்தான் வேண்டும் என்று இணையத்தில் மருந்து விற்கும் கடைக்காரரிடம் போனிலேயே கேட்டேன். "அமின்தாண்ணே, நம்ம ஆளுங்ககிட்ட பொய் சொல்வேனா" என்றார். அந்த ஒரு வார்த்தையை நம்பித்தான் 20 லிட்டர் டின்னுக்கு 320 வெள்ளி அனுப்பினேன்.

டின் வந்தது. வாளித் தண்ணீரில் ஊற்றியதும் பால் மாதிரி வெள்ளையாகக் கலங்கியது, மூக்கில் ஏறும் நெடி வேறு. அமின் உப்பு இப்படிக் கலங்காதே என்று உடனே கூப்பிட்டேன். "புது ஃபார்முலாண்ணே, ஒட்டுப்பசை சேர்த்திருக்காங்க, அதான் வெள்ளை, தைரியமா அடிங்க" என்றார். விடியற்காலையில், இலை கூட அசையாத நேரத்தில், வரப்பில் மட்டும் அடித்தேன். மத்தியானம் வெயில் ஏறியது. அப்புறம் வெண்டைக் கொழுந்து விரல் மாதிரி ஒடுங்கி, நரம்பெல்லாம் நெருங்கி, தண்டு முறுக்கிக்கொண்டு வெடித்தது. வரப்பிலிருந்து தள்ளி இருந்த தக்காளி இலை கிண்ணம் போலச் சுருண்டது. நடுவில் இருந்த சோளத்துக்கு மட்டும் ஒன்றுமே ஆகவில்லை. சோளம் புல் இனம், அதை இந்த மருந்து அண்டாது. இது நோயும் இல்லை, பூச்சியும் இல்லை என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

கடைக்காரரிடம் கேட்டால் முதலில் "காத்துல அடிச்சிருப்பீங்க". அப்புறம் "பம்பு கழுவலையா". அப்புறம் "கம்பெனிகிட்ட கேட்டுச் சொல்றேன்". இப்போது செய்தி அனுப்பினால் நீலக் குறி விழுகிறது, பதில் வருவதில்லை. விற்பனைத் தளத்தில் புகார் கொடுத்தால், மூடி திறந்துவிட்டதால் பணம் திருப்பித் தர முடியாது என்று ஒரே வாசகத்தைத் திருப்பித் திருப்பி அனுப்புகிறார்கள். திறக்காமல் உள்ளே என்ன இருக்கிறது என்று எப்படித் தெரியும்? 320 வெள்ளி உங்களுக்குச் சில்லறையாக இருக்கலாம், எனக்கு அது விதைக்கும் உரத்துக்கும் வைத்திருந்த காசு.

சரி, சுருக்கமாகச் சொல்கிறேன். 1974ஆம் ஆண்டுப் பூச்சிக்கொல்லிச் சட்டப்படி பதிவு செய்யாத மருந்தை இங்கே விற்கவே கூடாது, அதனால் லேபிளில் பதிவு எண் இருக்கிறதா, அமினா எஸ்டரா என்று எழுதியிருக்கிறதா பாருங்கள். வாய்ப்பேச்சு வேண்டாம், எழுத்தில் வாங்குங்கள். ஒரு கிளாஸ் தண்ணீரில் கொஞ்சம் ஊற்றிப் பாருங்கள், பாலாகக் கலங்கினால் காய்கறிப் பக்கம் கொண்டுபோகாதீர்கள், விற்றவர் என்ன சமாதானம் சொன்னாலும் சரி. இந்த மருந்துக்கென்று தனி பம்பு வையுங்கள். டின்னைத் திறக்கும்போதே வீடியோ எடுங்கள். மீதி மருந்து டின்னோடு அப்படியே என்னிடம் இருக்கிறது, பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் புகார் கொடுக்கப் போகிறேன், இதே மாதிரி ஏமாந்தவர்கள் இருந்தால் இங்கேயே எழுதுங்கள், சேர்ந்து போவோம்.