ஃபுளுகோனசோல் பவுடர்: பிரையாப்சிஸ் பாசிக்கு வாங்கலாம், மற்றதுக்கு வேண்டாம்

பவளம் வளர்க்கும் உப்புநீர்த் தொட்டியில் பிரையாப்சிஸ் என்ற பச்சைப் பாசி பிடித்துவிட்டால் கையால் பிடுங்கி மாளாது. பாறைத் துளையில் ஒரு துணுக்கு மீந்தாலே மறுபடி தழைத்துவிடும். பாசி தின்னும் டர்போ நத்தையும் பெரும்பாலும் அதைத் தொடாது. இந்தப் பாசிக்கு ஃபுளுகோனசோல் பவுடர் அருமையான மருந்து. பூஞ்சைத் தொற்றுக்கு மனிதர்களுக்குத் தரும் அதே மருந்துதான். சரியான அளவில் போட்டால் பவளத்துக்கும் மீனுக்கும் பொதுவாகத் தொல்லை தருவதில்லை.

வாங்குமுன் பாசி எதுவென்று பாருங்கள். ஒரு கொத்தைப் பிடுங்கித் தண்ணீருக்கு வெளியே தூக்குங்கள். நடுத்தண்டும் இருபுறமும் இறகுபோல் கிளைகளும் தெரிந்தால் பிரையாப்சிஸ். தண்டே இல்லாமல் ஈர முடிபோல் தொய்ந்தால் முடிப்பாசி. அதில் சில வகை இந்த மருந்துக்கு அடங்கும், சில அடங்காது. சிவப்பாகப் படலம் படியும் சயனோ பாக்டீரியாவுக்கும், குமிழோடு சளிபோல் தொங்கும் டைனோ (டைனோஃபிளாஜெல்லேட்) நுண்ணுயிருக்கும் இது வேலை செய்யாது. அவற்றுக்கு இதை வாங்கினால் காசுதான் வீண்.

அளவு லிட்டருக்கு 5 மில்லிகிராம். தொட்டியின் அளவை அப்படியே கணக்கில் எடுக்காதீர்கள், உள்ளே நிற்கும் தண்ணீரை எடுங்கள். 90 x 45 செ.மீ. தொட்டியில் 42 செ.மீ. உயரம் நீர் நின்றால் 170 லிட்டர். பாறைக்கும் மணலுக்கும் 20 கழித்து, கீழே வடிகட்டும் கருவிகள் வைக்கும் துணைத்தொட்டியான சம்ப்பில் உள்ள 40-ஐக் கூட்டினால் 190 லிட்டர். மருந்து 950 மில்லிகிராம். பாக்கெட்டில் மில்லிகிராம் கணக்கு போடாமல் 'ஒரு கரண்டி' என்று மட்டும் இருந்தால் அதை எடுக்காதீர்கள்.

முதலில் கைக்கு வருகிற பாசியை எல்லாம் பிடுங்கிவிடுங்கள். அழுகப்போவது குறையும். வடிகட்டியில் உள்ள கார்பனை எடுத்துவிட்டு யூவி விளக்கையும் ஓசோன் கருவியையும் நிறுத்துங்கள். விட்டுவைத்தால் மருந்து நிற்காது. நுரையோடு அழுக்கைப் பிரிக்கும் ஸ்கிம்மர் ஓடட்டும், கப்பை மட்டும் கழற்றிவிடுங்கள், நுரை சம்ப்பிலேயே விழும். பவுடர் எளிதில் கரையாது, அதனால் ஒரு லிட்டர் ஆர்ஓ நீரில் நன்றாகக் கலக்கி, சம்ப்பில் நீர் வேகமாக ஓடும் இடத்தில் ஊற்றுங்கள். ரெஃபியூஜியத்தில் (நீரைச் சுத்தப்படுத்தவே பாசி வளர்க்கும் தனிப் பகுதி) வளர்க்கும் பாசியும் வாடலாம். இரண்டு வாரம் தண்ணீர் மாற்றக்கூடாது, ஆவியான அளவுக்கு ஆர்ஓ நீர் மட்டும் விடலாம்.

முதல் சில நாள் ஒன்றும் தெரியாது. அவசரப்பட்டு இன்னொரு பாக்கெட்டைக் கொட்டாதீர்கள். ஒரு வாரத்துக்குப் பிறகு நிறம் வெளுத்து, இரண்டாம் வாரம் உதிரும். உண்மையான ஆபத்து அப்போதுதான். அழுகும் பாசி நைட்ரேட்டையும் பாஸ்பேட்டையும் வெளியே விடும், ஆக்சிஜனைக் குடிக்கும். நம் மலேசிய வெயிலில் 28 டிகிரிக்கு மேல் போன தொட்டியில் ஆக்சிஜன் ஏற்கெனவே குறைவு. மாலை இடிமழையில் கரண்ட் போனால் நிலைமை இன்னும் மோசம், அதனால் பேட்டரி ஏர் பம்ப் ஒன்று கட்டாயம் வேண்டும். உதிர்ந்ததைச் சைபன் வைத்து எடுத்து, வலையில் வடிகட்டி, தண்ணீரைத் திரும்ப ஊற்றுங்கள்.

14 முதல் 21 நாளில் கால்பங்கு தண்ணீர் மாற்றி, கார்பனைத் திரும்பப் போடுங்கள். பச்சை மீதி இருந்தால் அதன் பிறகுதான் இன்னொரு முழு அளவு.

மருந்தால் தீராதது ஒன்று உண்டு: பாசிக்குச் சாப்பாடு எங்கிருந்து வருகிறது என்பது. சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புற டவுனில் காற்றாடி வைத்துத்தான் பலர் தொட்டியைக் குளிர்விக்கிறார்கள். ஆவியாதல் அதிகம், அதை ஈடுகட்டக் குழாய்த் தண்ணீர் விட்டால் அதில் கரைந்திருப்பதெல்லாம் தொட்டியிலேயே தங்கிச் சேரும். கடைத்தெருவில் காசு போட்டுப் பிடிக்கும் தண்ணீர் மெஷினை நம்புவதற்கு முன் நீரில் கரைந்திருப்பதைக் காட்டும் டிடிஎஸ் மீட்டரால் அளந்து பாருங்கள். சிலது வெறும் வடிகட்டிதான். பூஜ்யத்துக்குப் பக்கத்தில் வராவிட்டால் மீதி உப்பை உறிஞ்சும் டிஐ ரெசின் வழியாக விடுங்கள். உப்புக் காசு மிச்சம் என்று மழைக்குப் பிறகு கரையோரக் கடல்நீர் பிடித்துவருவதும் வேண்டாம்.

நைட்ரேட் 5 முதல் 10, பாஸ்பேட் 0.03 முதல் 0.1 பிபிஎம் வரை இருந்தால் போதும். இரண்டையும் பூஜ்யமாக்கத் துடிக்காதீர்கள். பவளம் வெளுக்கும், காலியான இடத்தில் டைனோ வந்து உட்காரும். டைனோவுக்கு இந்தப் பாக்கெட்டில் மருந்து கிடையாது.