கனமான கயாக்கைக் கார்க் கூரையில் ஏற்ற: தோளா, ரோலரா, தூக்கியா, டிரெய்லரா?

துடுப்புப் போட்டு ஓட்டும் ஒடுங்கிய சிறு படகான கயாக்கை வாங்கப் போகிறவர்கள் தண்ணீரில் ஓட்டிப் பார்ப்பார்கள், இருக்கையில் உட்கார்ந்து பார்ப்பார்கள், நிறம் பார்ப்பார்கள். தங்கள் காரின் கூரையில் ஏற்றிப் பார்த்துவிட்டு வாங்கியவர் ஒருவரைக்கூட எனக்குத் தெரியாது. ஆனால் ஒரு கயாக் வருஷத்துக்கு எத்தனை தடவை தண்ணீரைப் பார்க்கும் என்பதைப் பெரும்பாலும் முடிவு செய்வது அந்த ஏற்றும் வேலைதான். அது சிரமமாக இருந்தால் கயாக் கராஜிலேயே கிடக்கும்.

நாங்கள் இருப்பது டொராண்டோவுக்குக் கிழக்கே, ஏஜாக்ஸில். எங்களுடையது இருவர் உட்காரும் பிளாஸ்டிக் கயாக்: 13 அடி நீளம், 34 கிலோ. கார், டொயோட்டா ராவ்4. பக்கத்து பிக்கரிங்கில் உள்ள ஃபிரெஞ்ச்மன்ஸ் பேக்கு அடிக்கடி போவோம். நீண்ட வார இறுதி கிடைத்தால் நெடுஞ்சாலை 400 பிடித்து ஜார்ஜியன் பே பக்கம். ஐந்து கோடைகளில் தோளில் தூக்கியும், பின்பக்கமாக உருட்டியும் ஏற்றியிருக்கிறோம். கயாக்கைக் கூரைக்கு ஏற்ற உதவும் தூக்கி என்ற தாங்கியை நண்பரிடம் இரவல் வாங்கி ஒரு கோடை முழுக்கப் பயன்படுத்தினோம். டிரெய்லரும் சில நாள் இழுத்துப் பார்த்தோம்.

எந்த வழியையும் காலை ஏழு மணிக்கு வீட்டு வாசலில் வைத்து எடை போடாதீர்கள். அப்போது உடம்பில் தெம்பு இருக்கும், கயாக் காய்ந்திருக்கும், பக்கத்து வீட்டுக்காரரும் ஒரு கை கொடுப்பார். மாலை ஆறு மணிக்கு, நாலு மணி நேரம் துடுப்புப் போட்ட தோளோடு, ஈரக் கையோடு, மணலில் நின்று ஏற்றிப் பாருங்கள். அதுதான் உண்மையான சோதனை. உள்ளே 5 லிட்டர் தண்ணீர் தங்கியிருந்தால் 5 கிலோ கூடிவிட்டது என்று அர்த்தம்.

அதனால் எந்த வழியாக இருந்தாலும் முதல் வேலை எடையைக் குறைப்பது. வடிகால் மூடியைத் திறந்து, கயாக்கைச் சாய்த்துத் தண்ணீரை முழுக்க வடியுங்கள். இருக்கை, மிதி இயந்திரம், பேட்டரி, மீன்பிடிப் பெட்டி எல்லாவற்றையும் கழற்றுங்கள். நம் கடற்கரைகளில் கட்டுமரம் கரையேறியதும் கட்டை அவிழ்த்து, மரங்களைத் தனித்தனியாகத் தூக்கிப்போய்க் காயவைப்பார்கள். அந்த யோசனை இங்கேயும் அப்படியே பொருந்துகிறது. மிதி வைத்த மீன்பிடிக் கயாக்குகளில் இருக்கையும் மிதியும் மட்டுமே பல கிலோ வரும்.

அடுத்து, கூரையின் தாங்குதிறன். கார் கையேட்டில் போட்டிருக்கும். பெரும்பாலான கார்களுக்கு 45 முதல் 75 கிலோவுக்குள் இருக்கும். கூரையின் குறுக்கே பொருத்தும் குறுக்குக் கம்பி, அதன்மேல் கயாக்கைப் பிடிக்கும் தாங்கி எல்லாவற்றின் எடையும் அந்தக் கணக்கில்தான் சேரும். கம்பிகளுக்கும் தனியாக ஒரு வரம்பு உண்டு. இரண்டில் எது குறைவோ அதுதான் உங்கள் வரம்பு.

தோளில் தூக்குவது

ஆளுக்கொரு முனையைப் பிடித்து, “ஒன்று, இரண்டு, மூன்று” சொல்லித் தலைக்கு மேல் ஏற்றுவது. செலவில்லை. 20 கிலோ கயாக், கொரோலா மாதிரித் தாழ்வான கார் என்றால் இதற்கு மேல் எதுவும் தேவையில்லை. கொரோலாவின் கூரை சுமார் 1.43 மீட்டர் உயரம், அதாவது பலருக்குத் தோள் மட்டம். ராவ்4 சுமார் 1.7 மீட்டர். அந்தக் கால் மீட்டர்தான் எல்லாவற்றையும் மாற்றிவிடுகிறது. தோளுக்கு மேல் போனதும் கைக்குப் பலம் குறையும், இடுப்பு வளையும், கூடவே உடம்பும் திரும்பும். தூக்கிக்கொண்டே திரும்புவதுதான் முதுகைப் பிடிக்க வைக்கும். என் மனைவி என்னைவிட ஒரு சாண் உயரம் குறைவு. அவள் பக்கம் கயாக் சரிந்து வந்த அன்றைக்கே இந்த வழியை நிறுத்திவிட்டோம்.

ஜே வடிவத் தாங்கி வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். கயாக்கைப் பக்கவாட்டில் நிறுத்துவதால் கூரையில் இரண்டுக்கு இடம் கிடைக்கும், சரி. ஆனால் அந்தக் கொக்கியின் விளிம்பைத் தாண்டிக் கயாக்கை உயர்த்த வேண்டும். கனமான கயாக்கோடு அந்தக் கூடுதல் உயரம் வேண்டாம்.

பின்பக்கமாக உருட்டுவது

இப்போது நாங்கள் செய்வது இதுதான், ஆகையால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். கயாக்கைக் காருக்கு நேர் பின்னால், காரின் நீளவாக்கிலேயே வையுங்கள். முன்முனையான அணியத்தை மட்டும் தூக்கிக் கூரையின் பின்விளிம்பில் சாயுங்கள். பின்முனையான அமரம் தரையில் இருக்கும். கைக்கு வருவது பாதி எடைதான், எங்களுக்கு 17 கிலோ. பிறகு பின்னால் போய் அமரத்தைத் தூக்கித் தள்ளுங்கள். தள்ளத் தள்ளக் கயாக்கின் நடுப்பகுதி கூரையை நெருங்கும், கைப்பாரமும் குறைந்துகொண்டே வரும். பாதி ஏறியபின் ஒரு கையால்கூடத் தள்ளலாம். ஒரே ஆளாகவும் இதைச் செய்யலாம்.

பின் கண்ணாடியில் உறிஞ்சிப் பிடிக்கும் ரோலர்கள் கடையில் கிடைக்கின்றன. அவை இல்லாவிட்டாலும் தடித்த ரப்பர் பாய் போதும். ஆனால் பாயை உதறிவிட்டு விரியுங்கள். முதல் வருஷம் ஏரிக்கரையில் கிடந்த துண்டை அப்படியே எடுத்துக் கூரையில் போட்டேன். அதில் ஒட்டியிருந்த மணல் பெயின்டில் விரல் நீளத்துக்கு நாலு கோடு போட்டுவிட்டது. தரையில் அமரம் வழுக்காமல் இருக்க அதற்கடியிலும் ஒரு துண்டு ரப்பர் போடுங்கள்.

குறை என்ன? பின் கூரையில் நீட்டிக்கொண்டிருக்கும் ஸ்பாய்லர். பாரம் அதன்மேல் இறங்கக் கூடாது. பின் குறுக்குக் கம்பி முடிந்தவரை பின்னால் இருந்தால் அணியம் நேராகக் கம்பியைத் தொடும். இன்னொன்று காற்று. சிம்கோ ஏரிக்கரையில் ஒரு தடவை, பாதி ஏறிய கயாக்கைக் காற்று பக்கவாட்டில் சுழற்றிவிட்டது. அன்றிலிருந்து காற்றடிக்கும் நாளில் ஒருவர் அணியத்தில் கட்டிய கயிற்றைப் பிடித்துக்கொண்டு காரின் முன்னால் நிற்பார்.

பக்கவாட்டில் ஏற்றுகிறவர்களுக்கு, குறுக்குக் கம்பிக்குள்ளிருந்து வெளியே இழுக்கும் நீட்டுக் கம்பி ஒன்று உண்டு. அதில் அணியத்தை வைத்து, அமரத்தைப் பின்கம்பியில் ஏற்றி, அப்புறம் முன்பக்கத்தைச் சுழற்ற வேண்டும். பின்னால் இடமில்லாத நிறுத்துமிடங்களுக்கு நல்லது. எல்லாக் கம்பிக்கும் பொருந்தாது.

தூக்கி

தூலி நிறுவனத்தின் ஹல்லவேட்டர் இந்த வகையில் பிரபலம். தாங்கியே கூரையிலிருந்து காரின் பக்கவாட்டில் இடுப்பு உயரத்துக்கு இறங்கி வரும். அதில் கயாக்கை வைத்து, அங்கேயே ஸ்ட்ராப் போட்டு, மேலே தள்ளிப் பூட்டலாம். வாயு நிரப்பிய தண்டுகள் சுமார் 18 கிலோ பாரத்தைத் தாங்கிக்கொள்ளும். எங்கள் கயாக்கில் பாதிக்கும் மேல்! நண்பருடையதைப் பயன்படுத்திய அந்தக் கோடையில் என்னை அதிகம் கவர்ந்தது தூக்குவதல்ல, ஸ்ட்ராப்பை இடுப்பு மட்டத்தில் கண்ணால் பார்த்தபடி கட்டும் வசதி. முதுகு வலி உள்ளவர்கள், ஐம்பது அறுபது வயதுக்காரர்கள், தனியாகப் போகிறவர்கள் யோசிக்காமல் இதற்குச் செலவழிக்கலாம். கனடாவில் விலை ஆயிரம் டாலருக்கு மேல் போகும். வருஷத்துக்கு இருபது தடவை போகிறவருக்கு அது நியாயமான விலை.

அப்படியிருந்தும் நாங்கள் வாங்கவில்லை. காரணம், அதன் வரம்பு 34 கிலோ. எங்கள் கயாக் காய்ந்திருக்கும்போதே அந்தக் கோட்டில் நிற்கிறது. ஈரத்தோடு, மறந்துபோன ஒரு பையோடு என்றால் கோட்டைத் தாண்டிவிடும். யாக்கிமா நிறுவனத்தின் ஷோடவுன் என்ற தூக்கியும் 36 கிலோவோடு நின்றுவிடுகிறது. “கனமான கயாக்குக்குத் தூக்கி வாங்கு” என்று எல்லோரும் சொல்கிறார்கள், ஆனால் பிரபலமான தூக்கிகள் நடுத்தரக் கயாக்குக்குத்தான். 27 கிலோ கயாக்குக்கு அவை அருமை. தவிர, காரின் பக்கத்தில் ஆள் நின்று வேலை செய்ய இடம் வேண்டும். சனிக்கிழமை நிரம்பி வழியும் ஏரிக்கரை நிறுத்துமிடத்தில் பக்கத்துக் கார்க்காரர் திரும்பி வரும்வரை காத்திருந்திருக்கிறோம்.

டிரெய்லர்

தாங்கி தொடை உயரத்தில் இருக்கும், தூக்குகிற பேச்சே இல்லை. மிதி வைத்த பெரிய மீன்பிடிக் கயாக்குகளில் வெறும் உடல் மட்டுமே 50 கிலோவைத் தாண்டுபவை உண்டு. அப்படி ஒன்று வாங்கிய நண்பர் “கூரைக்கு எது நல்லது?” என்று கேட்டபோது, “கூரையே வேண்டாம் அண்ணா” என்றுதான் சொன்னேன். டிரெய்லரை மாட்டக் காரின் பின்னால் ஹிட்ச் பொருத்த வேண்டும், விளக்குக்கு வயர் இழுக்க வேண்டும், ஒன்டாரியோவில் பதிவு செய்து நம்பர் பிளேட் மாட்ட வேண்டும், சக்கர பேரிங்குக்கு கிரீஸ் பார்க்க வேண்டும். பின்னோக்கி ஓட்டவும் பழக வேண்டும். குளிர்காலத்தில் எங்கே நிறுத்துவது? காண்டோவிலோ டவுன்ஹவுஸிலோ இருப்பவர்களுக்கு இந்தக் கேள்வியோடு பேச்சு முடிந்துவிடும். எங்களுக்கும் அதுதான் நடந்தது.

எப்படி ஏற்றினாலும், கட்டுவது ஒன்றுதான்

பிளாஸ்டிக் கயாக்குக்கு ராட்செட் ஸ்ட்ராப் வேண்டாம். அதன் நெம்புகோல் கைக்குத் தெரியாமலே இறுக்கிவிடும். வெயிலில் இளகிய பிளாஸ்டிக் அந்த இடத்தில் குழிந்துபோகும். கையால் இழுக்கும் கேம் பக்கிள் ஸ்ட்ராப் இரண்டு போதும். கயாக்கைக் கவிழ்த்து வைத்தால் அடிப்பகுதி நசுங்காது, மழைத்தண்ணீரும் தேங்காது. ஸ்ட்ராப்பில் ஒரு முறுக்குப் போட்டால் நெடுஞ்சாலையில் அந்த விர்ர்ர் சத்தம் வராது. பக்கிளின் உலோகம் பெயின்டில் படாமல் கீழே ஒரு துணி சுற்றுங்கள்.

அணியத்திலிருந்தும் அமரத்திலிருந்தும் பம்பர் பக்கம் இறங்கும் கயிறுகளைச் சிலர் தேவையில்லை என்பார்கள். 13 அடிக் கயாக்குக்கு எனக்கு அதில் சமரசமே கிடையாது. காற்றின் விசை வேகத்தின் வர்க்கத்தில் கூடுகிறது. 80 கிலோமீட்டரிலிருந்து 100க்குப் போனால் ஒன்றரை மடங்குக்கு மேல். முன்கயிறு கண்ணெதிரே இருப்பதால், ஏதாவது தளர்ந்தால் முதலில் தெரிவதும் அதில்தான். ஆனால் மிச்சக் கயிறு தொங்கக் கூடாது. சக்கரத்தில் மாட்டினால் கயாக்கையே ஒடித்துவிடும். காருக்குப் பின்னால் 1.5 மீட்டரோ அதற்கு மேலோ நீண்டால், ஒன்டாரியோ சட்டப்படி பகலில் சிவப்புக் கொடி, இரவில் சிவப்பு விளக்கு வேண்டும்.

கிளம்பிய பத்தாவது நிமிஷம் முதல் பெட்ரோல் பங்கில் நிறுத்தி நால்பக்கமும் கை வைத்து ஆட்டிப் பார்ப்போம். கயாக் மட்டும் ஆடினால் ஸ்ட்ராப்பை இன்னும் கொஞ்சம் இழுப்பேன். கயாக்கோடு காரும் சேர்ந்து ஆடினால், மனைவி கதவைச் சாத்துவாள், கிளம்புவோம்.