சீகைக்காட்டை மொத்தமாக வெட்டுவதா, கழித்து எடுப்பதா, அப்படியே விடுவதா?

நீலகிரியில் பல குடும்பங்களுக்குத் தேயிலைத் தோட்டத்தோடு சேர்ந்து ஒரு துண்டுக் காடும் இருக்கும். தேயிலை வைக்க முடியாத சரிவு, ஓடைக்கரை, பாறை ஓரம் என்று தாத்தா காலத்தில் விட்டுவைத்த இடம். ஒரு ஏக்கரோ ஐந்து ஏக்கரோ, பெரும்பாலும் அதில் வெளிநாட்டிலிருந்து வந்த சீகையும் (வாட்டில்) கற்பூர மரமும்தான் (யூகலிப்டஸ்) மண்டிக் கிடக்கும். பிள்ளைகள் கோவைக்கும் பெங்களூருக்கும் போய்விட்ட வீடுகளில், மர வியாபாரி வந்து விலை பேசும்போதுதான் அந்த இடத்தின் நினைவே வருகிறது. அந்த நேரத்தில் முன்னால் இருப்பவை மூன்று வழிகள். மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஓடையும் சரிவும் உள்ள நிலமாக இருந்தால், கொஞ்சம் கொஞ்சமாகக் கழித்து எடுப்பதுதான் சரி. ஆனால் மேட்டுப் புல்வெளியாக இருந்த இடத்துக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அதைக் கடைசியில் பார்ப்போம்.

ஒரே வெட்டு

இதன் கவர்ச்சி பணம். நிற்கும் மரங்களை மொத்தமாக விலை பேசி, வியாபாரியே ஆள் வைத்து வெட்டி, லாரி ஏற்றிக்கொண்டு போய்விடுவார். தேயிலை ஃபேக்டரி அடுப்புக்கு விறகு எப்போதும் வேண்டும் என்பதால் வாங்க ஆள் இல்லாமல் போகாது. நமக்கு ஒரே தவணையில் கையில் காசு, தலைவலி இல்லை.

தலைவலி அடுத்த மழையில் ஆரம்பிக்கும். சீகை விதையின் தோல் கெட்டி. மண்ணுக்குள் பல பத்தாண்டுகள் கெடாமல் கிடக்கும். மேலே நிழல் இருக்கும்வரை பெரும்பாலும் தூங்கும். வெயில் படும்படி இடம் திறந்தாலோ, வெட்டிய கிளைகளைக் குவித்துக் கொளுத்தினாலோ, அத்தனையும் ஒன்றாக முளைக்கும். சூடு பட்டால் அந்தக் கெட்டித் தோல் விரிசல் விடும் என்பதால், சுத்தம் செய்வதாக நினைத்துத் தீ வைப்பது விதைப்பதற்குச் சமம். இரண்டு மூன்று வருடத்தில் ஆள் நுழைய முடியாத அடர்த்தியில் சீகைப் புதர் நிற்கும். இடையில் உண்ணிச்செடியும், ஆரஞ்சுப் பூ பூக்கும் செஸ்ட்ரமும் புகுந்துவிடும்.

கற்பூர மரத்தின் கதை வேறு. அது விதையை நம்பி இருப்பதில்லை. வெட்டிய அடிக்கட்டையிலிருந்தே மறுதாம்பு விட்டு, ஒன்றுக்குப் பதில் நாலாக எழும்பும். இதில் தண்ணீர்க் கணக்கு ஒன்று இருக்கிறது, மலையில் நிலம் வைத்திருக்கும் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டியது. ஊட்டி அருகே கிளன்மார்கனில் அக்கம்பக்கத்து இரண்டு நீர்ப்பிடிப்புகளை எடுத்து, ஒன்றைப் புல்லாகவே விட்டு, மற்றதில் 59 சதவீதப் பரப்பில் 1972-ல் கற்பூர மரம் நட்டு, ஊட்டியில் உள்ள மண், நீர்ப் பாதுகாப்பு ஆராய்ச்சி மையத்தினர் ஓடை நீரைத் தொடர்ந்து அளந்தார்கள். முதல் பத்து வருடத்தில் நட்ட பக்கம் நீர்வரத்து 16 சதவீதம் குறைந்தது. வெட்டி, மறுதாம்பு வளர்ந்த இரண்டாம் சுற்றில் குறைவு 25.4 சதவீதமாகப் போனது. அதாவது கற்பூரத்தை வெட்டிவிட்டு அடிக்கட்டையை அப்படியே விட்டால், ஓடைக்கு வெட்டுவதற்கு முன்பு இருந்ததை விட மோசம்.

சரிவு இன்னொரு கவலை. மரம் போன முதல் வருடம் மண் நிற்கும், ஏனென்றால் செத்த வேர் இன்னும் பிடித்துக்கொண்டிருக்கும். அது மக்கிப் போனபின், புது வேர் ஆழம் போவதற்குள் ஒரு பெருமழை வந்தால் ஆபத்து. 2009 நவம்பரில் குன்னூர், கேத்திப் பக்கம் மண்சரிவில் 40 பேருக்கு மேல் போனதை இந்த மாவட்டத்தில் யாரும் மறக்கவில்லை. கீழே வீடோ சாலையோ இருக்கும் சரிவை ஒரே வெட்டில் மொட்டையடிப்பது என்னால் ஏற்றுக்கொள்ள முடியாத வழி, எவ்வளவு விலை சொன்னாலும் சரி.

அப்படியே விடுவது

செலவில்லை, அலைச்சலில்லை. சோலை, அதாவது இந்த மலைக்கே உரிய இயற்கைக் காடு, தானே திரும்பும் என்று சொல்பவர்களும் உண்டு, அதில் பாதி உண்மை இருக்கிறது. மீதிப் பாதி இது: சீகை மேலோட்டமான வேர் உள்ள மரம், வயதானால் காற்றில் சாய்ந்துவிடும். கரண்ட் கம்பி மேலேயோ பாதையிலேயோ விழும். விழுந்த இடைவெளியில் மறுபடியும் சீகையே முளைக்கும். கற்பூரம் நிறைய இருந்தால், உரிந்து தொங்கும் பட்டையும் எண்ணெய்ச் சருகும் ஜனவரியிலிருந்து ஏப்ரல் வரை தீக்கு எண்ணெய் வார்க்கும். பக்கத்திலேயே நல்ல சோலை இருந்து, வருடத்துக்கு ஒருமுறை சுற்றிலும் தீத்தடுப்புக் கோடு வெட்டவும் ஆள் இருந்தால் மட்டும் இதை யோசிக்கலாம்.

கழித்து எடுப்பது

இதைப் பேசுவதற்கு முன் சீகைக்குள் போய்க் குனிந்து பார்க்க வேண்டும். ஓடைப் பக்கமாக, நிழல் கெட்டியாக இருக்கும் இடத்தில் சருகை விலக்கினால், சாண் உயரத்தில் சிவந்த தளிரோடு நாவல் கன்று இருக்கும், விக்கி என்ற சோலை மரத்தின் கன்று இருக்கும், வாசனை வீசும் இலையோடு காட்டுப் பட்டை இருக்கும். சீகையில் வந்து உட்கார்ந்த கொண்டைக்குருவி எங்கேயோ தின்ற பழத்தின் விதை அது. சோலைக் கன்றுக்கு வெட்டவெளி ஆகாது. டிசம்பர், ஜனவரி உறைபனி இளந்தளிரைக் கருக்கிவிடும். சீகையின் கூரை அந்தப் பனியைத் தடுக்கிறது. பழனி மலையில் வட்டக்கானல் பாதுகாப்பு அறக்கட்டளையை நடத்திய பாப் ஸ்டூவர்ட்டும் தான்யா பால்காரும் வருடக்கணக்காகச் சொல்லிவந்தது இதைத்தான்: அயல் மரத் தோப்புக்கு அடியில் சோலை எழும்புகிறது, மேல் மரத்தை மொத்தமாகச் சரித்தால் அதையும் சேர்த்து அழிக்கிறீர்கள் என்று.

ஆகவே வேலை, கன்று இருக்கும் இடத்திலிருந்து தொடங்க வேண்டும், மரம் பருமனாக இருக்கும் இடத்திலிருந்து அல்ல. முதலில் கன்றுகளுக்குப் பக்கத்தில் ஒவ்வொன்றுக்கும் ஒரு குச்சி நட்டுத் துணி கட்டிவிடுங்கள். அப்புறம் அவற்றின் மேல் நிற்கும் சீகையில் எதை எடுத்தால் வெளிச்சம் கொஞ்சமாக இறங்கும் என்று பார்த்துப் பெயிண்ட் குறி போடுங்கள். ஒரு வருடத்தில் நாலில் ஒரு பங்குக்கு மேல் எடுக்காமல் இருப்பது நல்லது. திறக்கும் இடைவெளி ஒரு மரத்தின் உயரத்தைத் தாண்டக் கூடாது.

வெட்டும் ஆட்களிடம் கறாராகச் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. தடியைச் சரிவில் உருட்டி விடுவதுதான் அவர்களுக்குச் சுலபம். அந்த ஒரு உருட்டலில் குச்சி நட்ட கன்று பாதி போய்விடும். மரத்தைச் சாய்ப்பதற்கு முன் கிளையைக் கழித்துவிட்டு, துண்டு போட்டு, ஒரே ஒற்றையடிப் பாதை வழியாகத் தோளில் எடுத்து வரச் சொல்லுங்கள். கூலி கூடும்தான்.

வீட்டுக்கும் பாதைக்கும் தள்ளி நிற்கும் சீகையை வெட்டவே வேண்டியதில்லை. இடுப்பு உயரத்தில் இரண்டு சாண் அகலத்துக்குச் சுற்றிலும் பட்டையை உரித்துவிட்டால் போதும். தோல் பதனிடுவதற்காகப் பட்டை உரிக்கவே இந்த மலையில் வளர்த்த மரம் இது, மழைக்காலத்தில் நாராகக் கழன்று வரும். மரம் நின்றபடியே மெதுவாக இலை உதிர்க்கும், நிழலும் படிப்படியாகத்தான் குறையும், கீழே எதுவும் நசுங்காது. கற்பூரத்துக்கு இந்த வழி வேண்டாம், அடியில் துளிர்த்துக்கொள்ளும். அதைத் தரையோடு அறுத்து, இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை துளிரை ஒடித்துக்கொண்டே இருந்தால் கட்டை ஒருநாள் சோர்ந்து சாகும். இதற்கு ஆள் கிடைக்காது என்றால் கற்பூரத்தைத் தொடாமல் விடுவதே மேல்.

கன்றே இல்லாத இடத்தில் மட்டும் நடுங்கள். கோத்தகிரி லாங்வுட் சோலையை ஒருமுறை ஓரமாகவாவது பார்த்துவிட்டு வந்தால் எந்த மரம் ஓடையோரம், எது மேலே என்று பிடிபடும். 116 ஹெக்டேர்தான், ஆனால் சுற்றியுள்ள ஊர்களுக்குக் குடிதண்ணீர் அங்கிருந்துதான் வருகிறது, 2024-ல் முக்கிய ஈரநிலங்களுக்கான சர்வதேச ராம்சார் பட்டியலிலும் சேர்ந்தது. நாற்றை வெளியூரிலிருந்து வரவழைக்காமல், இந்த மலை விதையில் வளர்த்த நாற்றங்காலில் கேட்டு வாங்குங்கள்.

புல்வெளி என்றால்

மேல்மலையில் சோலை பள்ளத்தில்தான், மேடெல்லாம் புல். உங்கள் நிலம் வெளிப்பக்கம் புடைத்த மேடாக இருந்து, நடுவில் வயதான காட்டுப்பூவரசு (ரோடோடென்ட்ரான்) ஒன்றிரண்டு சிவப்பாகப் பூத்து நின்றால், அது புல்வெளி. அங்கே சீகைக்கு நிழல் வேலை எதுவும் இல்லை. சரிவு கடுமையாக இல்லாத பட்சத்தில் மொத்தமாக எடுத்துவிட்டு, மழையில் மண் இளகியிருக்கும்போது முளைக்கும் சீகைக் கன்றை வருடாவருடம் கையால் பிடுங்குவதுதான் வழி. சோலை மரமே ஆனாலும் அங்கே நட வேண்டாம்.

காசும் காகிதமும்

ஒரே வெட்டில் வரும் பணம் கழித்து எடுப்பதில் வராது. ஆனால் ஒரே வெட்டுக்குப் பின் புதர் அழிக்கப் போகும் கூலியை யாரும் அந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை. வருடாவருடம் விற்கும் விறகு, கழிக்கும் கூலியைக் கட்டிக்கொண்டு கொஞ்சம் மிஞ்சினாலே நான் அதை லாபம் என்பேன்.

எந்த வழியானாலும், கோடாரி எடுப்பதற்கு முன் அனுமதி. 1955-ஆம் ஆண்டின் மலைப்பகுதி மரங்கள் பாதுகாப்புச் சட்டம் இங்கே பட்டா நிலத்துக்கும் உண்டு. தனியார் காடு என்று அறிவிக்கப்பட்ட நிலமாக இருந்தால் 1949-ஆம் ஆண்டுச் சட்டமும் சேரும். சர்வே எண்ணோடு வனத்துறை, வருவாய்த்துறை அலுவலகங்களில் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். வியாபாரி "அதையெல்லாம் நாங்க பாத்துக்கிறோம்" என்றால், அனுமதிக் கடிதம் உங்கள் பெயரில் கைக்கு வரும்வரை முன்பணம் வாங்காதீர்கள். ஒப்பந்தத்தில் நாலு வரி இருக்கட்டும்: பெயிண்ட் குறி இல்லாத மரத்தைத் தொடக் கூடாது, தடி உருட்டக் கூடாது, கிளையைக் கொளுத்தக் கூடாது, ஓடைக்குள் எதையும் போடக் கூடாது.