சான்சிபார்: குழுவோடு போவதா, இருவராகப் போவதா?

தான்சானியாவின் சான்சிபார் தீவுக்குப் போகும் தம்பதிக்குக் குழுச் சுற்றுலாவில் பெரிய லாபம், அலைச்சல் இல்லை என்பதுதான். பழைய நகரமான ஸ்டோன் டவுன், சிறைத் தீவின் ராட்சத ஆமைகள், ஜோசானி காட்டின் சிவப்புக் கொலோபஸ் குரங்குகள் என எல்லாவற்றுக்கும் வண்டியோ படகோ ஏற்பாடாகியிருக்கும். மசாலாத் தோட்டத்தில் வழிகாட்டி கிராம்பு மொட்டைக் கிள்ளி முகரக் கொடுப்பார். அங்கே கூட்டமாகப் போனால்தான் கலகலப்பு.

கடற்கரைக்குக் குழு சரிவராது. கிழக்கே பஜே, ஜம்பியானி பக்கம் கடல் தினமும் இரண்டு முறை வெகுதூரம் உள்வாங்கும். அப்போதுதான் பெண்கள் ஆழமில்லாத தண்ணீரில் குனிந்து, குச்சிகளுக்கு நடுவே கட்டிய கயிறுகளிலிருந்து கடற்பாசி எடுப்பார்கள். நீந்த வேண்டுமென்றால் தண்ணீர் திரும்பி ஏறும்வரை காத்திருக்கணும். பேருந்து கிளம்பும் நேரத்துக்குக் கட்டுப்பட்டவர்களால் அது முடியாது. இருவராகப் போனால் முடியும். ‘டாலா டாலா’ எனப்படும் உள்ளூர் மினி பேருந்தில் செலவும் குறைவு, நெரிசல்தான் அதிகம்.

என்னைக் கேட்டால், ஊர் சுற்றக் குழு, அப்புறம் இரண்டு நாள் கடற்கரையில் தனியாக. இதற்கு ஒப்புக்கொள்கிற ஏற்பாட்டாளரையே தேடுங்கள். ஏப்ரல், மே பெருமழைக் காலம். அப்போது இரண்டுமே வேண்டாம்.