உவர்மலையில் விற்கும் செவ்வாய்ப் பள்ளம்: வாங்கலாமா?

திருகோணமலை உவர்மலைப் பக்கம் முப்பரிமாண பிரின்டர் வைத்து கீ டேக், போன் ஸ்டான்ட் எல்லாம் செய்து விற்கும் தம்பி ஒருவரிடம் செவ்வாய்க் கோளின் ஜெசீரோ என்ற வட்டப் பள்ளத்தின் மாதிரியும் கிடைக்கிறது. 20 சென்டிமீட்டர் அகலம், செங்கல் நிறம், 3,800 ரூபா. மகளின் பள்ளிக்கூடக் கண்காட்சிக்கு வாங்கினேன்.

வடிவம் கற்பனை இல்லை. அமெரிக்க நிலவியல் ஆய்வு நிறுவனம் இலவசமாக வெளியிட்ட உயரத் தரவை இறக்கித்தான் அச்சிடுகிறார். மேற்கு விளிம்பை உடைத்துக்கொண்டு பழைய ஆறு ஓடிய நெரெத்வா பள்ளத்தாக்கு உள்ளே வருவதும், கிழக்கே தண்ணீர் வெளியேறிய வழியும் விரலால் தடவினாலே தெரிகிறது. வெளியேற ஒரு வழி இருப்பதால்தான் இது ஒருகாலத்தில் நிரம்பி வழிந்த ஏரி என்று அடித்துச் சொல்கிறார்கள்.

சிக்கல் டெல்டாவில், அதாவது அந்த ஆறு ஏரிக்குள் கொட்டிய வண்டல் மேட்டில். 2021 பெப்ரவரியில் நாசாவின் பெர்சிவியரன்ஸ் ஊர்தி அங்கே இறங்கியதே அந்த மேட்டுக்காகத்தான். ஓடி வரும் ஆறு அசையாத தண்ணீரில் விழுந்ததும் வேகம் செத்து, சுமந்து வந்த மணலை வாசலிலேயே போட்டுவிட்டு நுண்ணிய சேற்றை மட்டும் உள்ளே தள்ளும். மகாவலி கொட்டியாரக் குடாவில் கலப்பதை மாரியில் பார்த்தவர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் நிஜப் பள்ளம் 45 கிலோமீட்டர். அதை 20 சென்டிமீட்டருக்குள் அடக்கினால் 1 மில்லிமீட்டர் என்பது 225 மீட்டர், டெல்டாவின் முன்சரிவோ சில பத்து மீட்டர்தான், பிரின்டர் ஒரு தடவைக்குப் போடும் படையே 0.2 மில்லிமீட்டர், அதாவது 45 மீட்டர், ஆக டெல்டாவின் சரிவு ஒன்றிரண்டு படைக்குள்ளேயே முடிந்துவிடும். ஏதோ ஊத்தை ஒட்டியிருக்கிறது என்று மகள் நகத்தால் சுரண்டினாள்.

தம்பியிடம் சொன்னேன், கோபிக்கவில்லை. "அக்கா, உயரத்தை மட்டும் மூன்று மடங்காக்கித் தரட்டா?" என்றார். அப்படிச் செய்தால் டெல்டா எழும்பும், சரி, ஆனால் விளிம்பு மலைகளும் பொய்யாகச் செங்குத்தாகிவிடும். டெல்டாப் பகுதியை மட்டும் பெரிதாக்கித் தனித் துண்டாக அச்சிடச் சொல்லுங்கள், அதுதான் காசுக்குப் பெறுமதி. தெற்கே தனித்து நிற்கும் கோடியாக் குன்றும் அதில் வரும். அந்தக் குன்றின் பக்கத்தில் சரிவாகப் படிந்த அடுக்குகளை ஊர்தியின் படங்களில் பார்த்துத்தான், அவை படிந்த காலத்தில் ஏரி வழியும் மட்டத்துக்குக் கீழேதான் இருந்தது என்று 2021இல் கண்டுபிடித்தார்கள். அடுக்குகள் பிளாஸ்டிக்கில் வராது, படம் ஒன்றைப் பக்கத்தில் ஒட்டி வையுங்கள்.

மேலே நீல ரெசின் ஊற்றி ஏரி மாதிரியே செய்து தரட்டுமா என்றும் கேட்பார். வேண்டாம் என்று விடுங்கள். இருக்கிற கொஞ்ச டெல்டாவும் அதற்குள் மூழ்கிவிடும், கூடுதல் காசு வேறு.